அண்ணி கூப்பிடுறாங்க

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ரிப்பேர் செய்வது எப்படி என்று வீடியோ எடுத்து யூடியூபிலும் போடுவார். வீடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹாலில் ஒரு பழைய மெஷினைப் பிரித்துப் போட்டு, போனை நாற்காலியில் சாய்த்து வைத்து, "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பிப்பார். அந்த நிமிஷம் முதல் எனக்கு ஊரடங்கு. ஃபேன் ஓடக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, நான் இருமக்கூடக் கூடாது. எனக்கா, கோபம் மூக்குக்கு மேல் வரும். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க எத்தனை நேரம்தான் பொறுப்பது? சமையலறையில் இருந்தே சத்தம் போடுவேன்.

"என்னங்க, வர்றீங்களா இல்லையா?"

"இதோ வர்றேம்மா, ரெண்டே நிமிஷம்."

இதையெல்லாம் வெட்டி எடுக்க அவருக்குத் தெரியாது. அப்படியே போட்டுவிடுவார். பார்க்கிறவர்கள் கீழே எழுதுவார்கள்: "அண்ணே, அண்ணி கூப்பிடுறாங்க, முதல்ல சாப்பிடப் போங்க." என் மானம் கப்பலேறியது.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், குரலை எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியதே பெரிசு என்றார்கள் வந்தவர்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன். ஆனால் வாய் ஓயாத மனுஷன் அவர். எழுதிக் காட்டட்டும் என்று சிலேட்டு வாங்கி வைத்தேன், தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சாப்பாட்டுத் தட்டு அறைக்குள் போக வேண்டும், பாதி அப்படியே திரும்பி வரும். பழக்கதோஷத்தில் அவரைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராது என்று ஞாபகம் வருகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வேண்டாம். எனக்கு அவர் பேச வேண்டும். திட்டினாலும் சரி.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ரேடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவள் அவள்.

"அப்பா குரல் எங்கேயும் போகலம்மா. அத்தனை வீடியோலயும் சும்மா கிடக்கு. வார்த்தை வார்த்தையா வெட்டி, போன்ல பட்டனா வச்சுடலாம். அப்பா தொட்டா அது பேசும்."

ரெண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். "ஆமா" கிடைத்தது, "இல்லை" கிடைத்தது, "மெதுவா", "போதும்", "சூடு" எல்லாம் கிடைத்தன. "தண்ணி" மட்டும் ஊருக்கே போதும் போலக் கிடைத்தது. "பசிக்குது" கிடைக்கவில்லை. வாஷிங் மெஷினுக்கு எங்கே பசிக்கப் போகிறது?

"என் குரல் வர்ற இடத்தை எல்லாம் தூக்கிடு," என்றேன். "காட்டுக் கத்தலா இருக்கு."

"நல்லாத்தானேம்மா இருக்கு."

"சொன்னதைச் செய்டி."

எல்லாம் முடித்துப் போனை அவர் கையில் கொடுத்தோம். வேண்டாவெறுப்பாக ஒரு பட்டனைத் தொட்டார். "தண்ணி" என்றது அவர் குரல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவரும் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். பட்டன்களில் எதையோ தேடினார். ரொம்ப நேரம் தேடிவிட்டு ஒன்றைத் தொட்டார்.

"வணக்கம் நண்பர்களே."

இல்லை என்பது போல அவரே தலையசைத்துவிட்டு இன்னொன்றைத் தொட்டார்.

"சந்தேகம் இருந்தா கேளுங்க."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ளவர்களிடம் பேச அவருக்கு எல்லாம் இருந்தது, என்னிடம் பேச ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், அறைக்குள் இருந்து என் குரலே கத்துகிறது. கையில் இருந்த துணியோடு ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் மெஷினுக்குப் பெல்ட் மாற்றுகிற பழைய வீடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கத்துகிற இடத்துக்குத் தள்ளித் தள்ளி ஓட்டுகிறார். "இதோ வர்றேம்மா" வந்ததும் நிறுத்துகிறார். என்னைக் காட்டுகிறார், பட்டன்கள் இருக்கிற இடத்தைக் காட்டுகிறார். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அந்த வீடியோக்களில் அவர் என்னோடு பேசியதே நான் கத்தியபோதுதான். அதைத்தான் நான் மொத்தமாகத் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் வந்து அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா கத்தறதை மட்டும் எடுத்துட்டு வைக்கவாப்பா?" என்றாள்.

அவர் ஒரு பட்டனைத் தொட்டார். ஏதோ ஒரு ஸ்க்ரூவைப் பற்றி எப்போதோ சொன்னது அது.

"அதைத் தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்."

நான் மடித்த துணியிலேயே முகத்தைப் புதைத்து அழுதேன். மகள் பார்க்கிறாளே என்றுகூட இல்லை.

அன்று மத்தியானம் தட்டை உள்ளே கொண்டு போகவில்லை. மேஜையில் வைத்துவிட்டு, குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"என்னங்க, வர்றீங்களா இல்லையா?"

அறைக்குள் இருந்து முதலில் என் பழைய குரல் அதையே கேட்டது. அதை ஒட்டியே அவர் குரல்.

"இதோ வர்றேம்மா, ரெண்டே நிமிஷம்."

கல்யாணமான நாளில் இருந்து அவருடைய ரெண்டு நிமிஷம் அரை மணிக்குக் குறைந்ததில்லை. எனக்குத் தெரியாதா இவரை? ஆறிப்போகுமே என்று தட்டை மூடி வைக்க ஒரு மூடியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.