ஆமென் வரைக்கும்

"குழாய்ல தண்ணி வந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்று படுக்கையில் கிடந்த அம்மா முணுமுணுத்தபோது, அவள் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சின்னவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

குழாயில் தண்ணீர் தினமும்தான் வருகிறது. அம்மா ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள் என்பதுதான் சின்னவளைப் பயமுறுத்தியது. அந்த வீட்டில் ஜெபம் என்பது விளக்குப் போட்டு, வெளியே போனவர்கள் எல்லாரும் திரும்பி, கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு நடக்கிற காரியம். இப்போதோ ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள்கூட இன்னும் தொட்டியில் கிடந்தன.

அம்மாவின் ஜெபத்தில் கேட்பது குறைவு, நன்றி சொல்வதுதான் அதிகம். அதுவும் பெரிய காரியங்களுக்கு அல்ல. சமையலறையில் தொடங்குவாள். பால் பொங்கி வழியாமல் இருந்ததற்கு, காணாமல் போன கத்தரிக்கோல் தையல் மெஷினுக்கு அடியிலேயே அகப்பட்டதற்கு, கரண்ட் போவதற்குள் மாவு அரைத்து முடித்ததற்கு. அப்புறம் கூடத்துக்கு வந்து அப்பாவைச் சொல்வாள். "இவருக்குக் காது மந்தமா இருக்கிறதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே, நான் பேசினதுல பாதி அவருக்குப் போய்ச் சேரல." அப்பா அது என்னவென்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு பக்தியாகத் தலையை ஆட்டுவார். அடுத்து, பஸ் ஓட்டுகிற பெரியவன் யாரையும் இடிக்காமல், அவனையும் யாரும் இடிக்காமல் வீடு வந்து சேர்ந்ததற்கு. அதற்கும் அடுத்து சின்னவள். "முயலு இன்னைக்கு கேஸை மூடிட்டோமான்னு ஒரே தடவை எந்திரிச்சுப் பாத்ததுக்கு ஸ்தோத்திரம்." எல்லாம் முடிந்து கடைசியில்தான் தன்னைச் சொல்வாள். "என்னை இவங்களோட வச்சதுக்கு." அதோடு ஆமென். அப்பாதான் அதை வீடே அதிரச் சொல்வார்.

இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

சின்னவளுக்கு முயல் என்று பேர் வைத்ததும் அம்மாதான். கதவு படாரென்று சாத்தினால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைப் பிரேமுக்குத் தக்கபடி தேய்த்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. அளவு தப்பிவிடுமோ என்று பயந்து பயந்தே அளவு தப்பாதவள் என்று அங்கே நல்ல பேர் வாங்கியிருந்தாள்.

காலையில் வந்த டாக்டர் வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே, வர வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார். வர வேண்டியவன் ஒருவன்தான். டிப்போவுக்குப் போன் போட்டதில், பெரியவன் வண்டியோடு வெளியே போயிருப்பதாகவும், வழியில் இறங்க முடியாது, திரும்பி வந்ததும் அனுப்பிவிடுகிறோம் என்றும் சொன்னார்கள்.

அம்மாவின் குரல் சன்னமாகப் போய்க்கொண்டிருந்தது. சமையலறை முடிந்தது. அப்பாவும் முடிந்தார். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர், தம்மைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் தெரிந்து, அவள் பாதத்தைப் பிடித்துவிட்டார். அம்மா நிறுத்தினாள். கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தாள்.

"பெரியவன் வந்துட்டானா?"

"இல்லம்மா. வந்துகிட்டே இருக்கான்."

"அப்ப வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வராததற்கு நன்றி சொல்கிற வழக்கம் அம்மாவுக்கு இல்லை. ஒருமுறை வீட்டுக்கு வந்த போதகர், கிடைத்துவிட்டது என்று நம்பி முன்கூட்டியே ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அம்மா அவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தபடி, "அது உங்க விசுவாசம் ஐயா. நான் வீட்டுக்காரி. வந்து சேந்ததைத்தான் எடுத்து வைப்பேன்" என்றாள். போதகர் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தார்.

சின்னவள் அம்மாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது. இறங்கியது. கொஞ்சம் நின்று, அவள் பாதி எழுந்துவிட்ட பிறகு, மறுபடி ஏறியது. அப்போதுதான் அந்த எண்ணம் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அவன் வராமல் இது மேலே போகாது. இது முடியாமல் அம்மா போகமாட்டாள். ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் அம்மாவுக்கு எப்போதுமே கிடையாது.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் காலையிலிருந்து பிடித்துக்கொள்ள எதுவுமே அகப்படாமல் தவித்தவளுக்கு இது ஒன்று கையில் கிடைத்திருந்தது. விடுவாளா?

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும் நேரத்தில் போன் அடித்தது. பெரியவன்தான். வண்டியை இப்போதுதான் விட்டேன், கிளம்புகிறேன், அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரே மூச்சில் கேட்டான்.

"தூங்குறாங்க" என்றாள். "மெதுவாவே வாண்ணா. வேகமா ஓட்டாத."

எப்போதும் சொல்கிற பேச்சுத்தான். அதனால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. போனை வைத்த பிறகுதான், தான் சொன்னது எதற்காக என்பது சின்னவளுக்கு உறைத்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் அம்மா போய்விட்டால்? அவன் வந்து, அதனாலேயே போய்விட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம் அங்கே முன்னதாகப் போய் நின்றுகொண்டிருந்தது.

பெரியவன் எங்கே என்று அப்பா உரக்கக் கேட்டார். வருகிறான் என்று இவள் கையால் காட்டினாள். அவர் தலையணைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கேட்கிற காதை அம்மாவின் வாயருகே வைத்துக்கொண்டார். இந்த மனுஷனுக்கு அவள் பேச்சு முழுசாகப் போய்ச் சேருவதே இன்றைக்குத்தான் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் திரும்பிற்று. சைலன்சர் ஓட்டையான அந்த வண்டியின் சத்தம் தெருவுக்கே தெரியும். அம்மாவின் இமை அசைந்தது.

சின்னவள் எழுந்து ஓடினாள். ஓடின வேகத்தில் முக்காலி உருண்டது. வாசல் இரும்புக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான். காக்கிச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

"என்ன ஆச்சு? ஏன் பூட்டியிருக்க?"

"உள்ள வராதண்ணா."

அவன் முகம் வெளுத்தது. "போயிட்டாங்களா?"

"இல்ல. நீ வந்தாதான் போயிடுவாங்க."

அவன் தாழ்ப்பாளை எட்டிப் பிடித்தான். அவள் விடவில்லை. மூச்சு வாங்க, கோர்வையில்லாமல் சொன்னாள். அம்மா ஜெபத்தை ஆரம்பித்ததை, அப்பாவரைக்கும் முடித்ததை, அவனுக்காக நிறுத்தி வைத்திருப்பதை. "உனக்கப்புறம் நான். எனக்கப்புறம் அவங்க. அவ்ளோதான் மிச்சம்" என்றாள்.

லூசா நீ என்று கத்துவான் என்று எதிர்பார்த்தாள். தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவான் என்றுகூட எதிர்பார்த்தாள். அப்படிப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவள் நினைக்காத நாள் இல்லை. வேறு யாராக இருந்தாலும் போயிருப்பான். ஆனால் அவனும் அந்தக் கூடத்தில், அந்த ஜெபத்தில், பசியோடு தன் முறைக்குக் காத்திருந்து வளர்ந்தவன்தானே. தாழ்ப்பாளிலிருந்த அவன் கை தளர்ந்தது.

"என்னைச் சொல்லலையா இன்னும்?"

"இல்ல. வரட்டும்னாங்க."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். வீட்டு ஜன்னலைப் பார்த்தான். பார்க்கக்கூடாததைப் பார்த்தவன்போல் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். பிறகு, உள்ளே கேட்டுவிடக்கூடாதே என்பதுபோல மெல்லக் கேட்டான்:

"எவ்வளவு நேரம் இப்படி நிக்கலாம்?"

 கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனும் நின்றார்கள். எதிர்வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டாயா என்று அவன் கேட்டான். இல்லை என்றாள். நானும் இல்லை என்றான். வெயிலில் வந்த வண்டியின் எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"ஆமென்."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல், எப்போதும்போல வீடே அதிர வந்தது.

தாழ்ப்பாளை யார் திறந்தது என்று இருவருக்குமே நினைவில்லை. அறைக்குள் அப்பா அம்மாவின் வாயருகே வைத்த காதை இன்னும் எடுக்கவில்லை. இன்னொரு வார்த்தை பாக்கி இருக்கலாம் என்று காத்திருப்பவர்போல இருந்தார். பெரியவன் மண்டி போட்டு அம்மாவின் கையைப் பிடித்தான். சின்னவள் நெஞ்சைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து அப்பா நிமிர்ந்து, அவர்கள் ஏதோ கேட்டதாக எண்ணிக்கொண்டாரோ என்னவோ, பதில் சொல்வதுபோல் சொன்னார். "உன் வண்டிச் சத்தம் கேட்டுதாம். வந்துட்டான்னு சொன்னா."

அவர் சின்னவளைக் கையால் காட்டினார்.

"அப்புறம் இவளைச் சொன்னா. ரெண்டும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருக்குதுங்கன்னு அதுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னா." அவர் கையால் முகத்தைத் தடவிக்கொண்டார். "அப்படி என்னடா பேசினீங்க?"

பெரியவன் அம்மாவின் விரல்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சின்னவள் உருண்டு கிடந்த முக்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

டிப்போவிலிருந்து போன் வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. அவசரத்தில் பஸ் சாவியை அவன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டானாம், அடுத்த ஷிப்டுக்கு வண்டி எடுக்க முடியாமல் நிற்கிறதாம், ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். பெரியவன் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து எடுத்து நீட்டியதை வாங்கிக்கொண்டு சின்னவள் வாசலுக்குப் போனாள்.

சைக்கிளில் வந்த ஆள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபடியே சாவியை வாங்கிக்கொண்டான். விஷயம் தெரியாதவன். போகிற அவசரத்திலும் ஒரு மரியாதைக்குக் கேட்டான்.

"டிரைவர் அண்ணன் நேரத்துக்கு வந்து சேந்துட்டாரா?"

"வந்துட்டாரு" என்றாள்.

அவன் போன பிறகு கதவைச் சாத்தக் கை போனது. சாத்தவில்லை. விரியத் திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.