முப்பது விநாடி

தைத்து வந்த சட்டைகளில் பிசிறு வெட்டுவது அவள் வேலை. கை தன்பாட்டுக்கு வெட்டும். மனசு மட்டும் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் கிடக்கும். அங்கே, மூட்டை தூக்கிப் பிழைத்த அவள் புருஷன் நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒரு கடிதம் கொடுத்தால் அறுவை சிகிச்சை இலவசம். முன்பெல்லாம் அவர் வீட்டு வாசலில் கால் கடுக்க நின்றால் எப்படியும் கையெழுத்து கிடைத்துவிடும். இப்போது காலம் முன்னேறிவிட்டது. காவல்காரர் அவளை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, இனி எல்லாம் ஐயாவின் போன் செயலியில்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுதத் தெரியாதவர்கள் அந்தச் செயலியில் பேசியும் அனுப்பலாம். ஆலையில் இஸ்திரி போடும் அக்கா அதை இறக்கிக் கொடுத்து, அமுக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள். அன்று சாயங்காலமே புருஷனின் கட்டிலருகே நின்று, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவள் பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சை டிக் விழுந்தது. பெரிய மனிதர், பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார் என்று அவளுக்கு உயிர் வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவன் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். ஆலையில் போன்களைப் பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில்தான் தருவார்கள். அன்று போனில் பதில் வந்திருந்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்தாள்.

"என்னக்கா போட்டிருக்கு?"

"உங்க அன்பான வாழ்த்துக்கு நன்றின்னு போட்டிருக்குடி."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அவள் அனுப்பிய குரலைப் போட்டாள்.

"ஐயா, வணக்கங்கய்யா. நல்லா இருக்கீங்களா? வீட்ல அம்மா, பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? எங்க குடும்பமே உங்களுக்குத்தாங்கய்யா ஓட்டுப் போட்டோம். நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கு..."

அதோடு நின்றது. முப்பது விநாடிக்கு மேல் அந்தச் செயலி கேட்காது என்பது அக்காவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"நேரா விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள் அக்கா.

"பெரியவங்ககிட்ட எடுத்த எடுப்புல எப்படிக்கா கேக்கறது?"

தன் வாயாலேயே அவனைக் கொன்றுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்த முறை தன் பேச்சை அவள் கேட்கவில்லை. பிள்ளைகளை விசாரிக்கும் இடத்தில், பின்னால், அவன் இருமினான். வறட்டு இருமல், இரண்டு தடவை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டாள்.

மணி அடித்தது. மேற்பார்வையாளர் பெட்டியை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் கொடுத்தாள். உள்ளே, நாற்பது போன்களுக்கு நடுவில், அவன் இன்னும் இருமிக்கொண்டிருந்தான்.