ஊக்கமும் மருந்தும்

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தின் கடைசி வளைவில் வாத்து மூன்று பேரைத் தாண்டி முதலாவதாக வந்து சேர்ந்தபோது, வேலியோரம் நின்றிருந்த கம்ப்ரசர் மாமா, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்து உலுக்கி, "எல்லாம் நம்ம டப்பாவோட வேலை!" என்று கத்தினார். அந்த ஆள் பாவம், தோற்றுப்போன பெண்ணின் அண்ணன்.

வாத்து, மாமாவின் அக்கா மகள். ஒன்றரை வயதில் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்ததைப் பார்த்து மாமா வைத்த பெயர் அது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இன்று பத்து வருடச் சாதனையை உடைத்துவிட்டாள். அந்தப் பெயரை மட்டும் அவளால் உடைக்க முடியவில்லை. மாமா பிரிட்ஜ் மெக்கானிக். எந்தக் குழாயில் எங்கே லீக் என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். வாய் மட்டும் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அவருக்குக் கம்ப்ரசர் என்று பெயர் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூலரைச் சரிசெய்யப் போனவர், அங்கே கண்ணாடி அலமாரியில் இருந்த சிவப்பு டப்பா ஒன்றை ஆசையோடு வாங்கி வந்தார். டப்பாவின் மேல் ஒரு மின்னல், மின்னலுக்குக் கீழே கழுத்தே இல்லாத ஒரு மனிதன். "தினம் ரெண்டு கரண்டி, பால்ல கலந்து குடி. அப்புறம் பாரு!" என்று வாத்தின் கையில் திணித்தார். அன்றிலிருந்து தினமும் மாலையில் போன் போட்டு, "டப்பா என்னாச்சு?" என்பார். "குறைஞ்சுக்கிட்டே வருது மாமா" என்பாள் வாத்து. மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். டப்பா குறையக் குறைய அவளுடைய ஓட்ட நேரமும் குறைந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பிரிட்ஜ் இருக்கிற வீடெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்றைக்கோ எல்லோருக்குமே தலைகால் புரியவில்லை. வாத்தின் அப்பா, நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நாற்காலியை விட்டு எழாத மனிதர், மகள் ஜெயித்ததும் இடுப்பளவு வேலியை ஒரே தாவில் தாண்டி மைதானத்துக்குள் குதித்துவிட்டார். இரண்டு காவலர்கள் அவரைப் பிடித்து நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் நீல அங்கி போட்ட ஒரு பெண் வாத்திடம் வந்து அட்டை ஒன்றைக் காட்டினாள். "ஊக்கமருந்து சோதனைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கு. சிறுநீர் குடுக்கிற வரைக்கும் நான் உங்க கூடவே இருப்பேன். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்."

"மாமா, வாங்க!" என்று வாத்து கையை நீட்டினாள். மாமா பட்டத்து யானை மாதிரி நடந்து போனார்.

காத்திருக்கும் அறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜை மேல் சீல் பிரிக்காத தண்ணீர் பாட்டில்கள், உள்ளே ஒரே ஒரு கழிப்பறை. அதன் கதவில் 'சோதனைக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தது. எதிர்ச்சுவரில் பெரிய சுவரொட்டி. 'இவற்றை உட்கொள்ளாதீர்' என்று தலைப்பு, கீழே வரிசையாகப் படங்கள். மூன்றாவது வரிசையில் சிவப்பு டப்பா. மேலே மின்னல், கீழே கழுத்தில்லாத மனிதன், அவன் முகத்தின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. 'நான்கு ஆண்டுகள் வரை தடை' என்றது கடைசி வரி.

மாமா அந்த வரியை இரண்டு முறை படித்தார். விளையாட்டுக்காகக் கிடைத்த படிப்பு. அடுத்த மாதம் தேசிய அணிக்கான தேர்வு. எல்லாவற்றையும் அவரே தினம் இரண்டு கரண்டி என்று கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறார். கம்ப்ரசர் முதல்முறையாக நின்றது.

"என்ன மாமா, பேச்சையே காணோம்?" என்றாள் வாத்து. அவளுக்கு ஜெயித்த குஷி இன்னும் இறங்கவில்லை. "எனக்கு வரவே மாட்டேங்குது. ஓடி ஓடி எல்லாம் வேர்வையா போயிடுச்சு. தொண்ணூறு மில்லி வேணுமாம்."

மாமாவின் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. வரவில்லை என்றால் சோதனை இல்லை! வாழ்நாள் முழுக்க லீக்கை அடைத்தவருக்கு இது ஒரு வேலையா? தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாத்து பாட்டிலை எடுத்தாள். மாமா வாங்கி மடமடவென்று குடித்தார். அடுத்ததை எடுத்தாள். அதையும் குடித்தார்.

"பாவம், கத்திக் கத்தித் தொண்டை வறண்டுடுச்சு அவருக்கு" என்று நீல அங்கிப் பெண் மூன்றாவதைத் தானே எடுத்துக் கொடுத்தாள். நான்காவதை முடித்தபோதுதான் மாமா கேட்டார்: "ஏம்மா, கடைசி வரைக்கும் வரலைன்னா?"

"எவ்வளவு நேரமானாலும் இருப்போம் சார். குடுக்காமப் போனா, மாட்டினதுக்குச் சமம்."

நான்கு பாட்டில் தண்ணீரும் மாமாவின் உள்ளே ஒரே நேரத்தில் குளிர்ந்தது. ஒரு மணி நேரம் போனது. வாத்துக்கு வரவில்லை. மாமாவுக்கு வந்துவிட்டது. காலை மாற்றி மாற்றிப் போட்டார், எழுந்தார், உட்கார்ந்தார், அந்த 'மட்டும்' என்ற எழுத்தைக் கண்கலங்கப் பார்த்தார்.

சோதனை அதிகாரி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் சாதுவான டாக்டர், படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். "கடைசி ஏழு நாள்ல மாத்திரை, மருந்து, சத்துப் பொடி, ஏதாவது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் வாத்து பளிச்சென்று.

பொய்யும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று நினைத்த மாமாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார். "எழுதாதீங்க டாக்டர்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் சிவப்பு டப்பா, மூணாவது வரிசை, நான் வாங்கிக் குடுத்தது. பிடிக்கிறதுன்னா என்னைப் பிடிங்க."

"ஊக்கமருந்து குடுத்தது நீங்களா?"

"ஊக்கமும் நான்தான், மருந்தும் நான்தான்!" மாமாவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. மற்றதைத்தான் பிடித்து வைத்திருந்தார்.

வாத்து அவரையே பார்த்தாள். "மாமா, நான் ஒரு கரண்டிகூடக் குடிக்கல."

"தினமும் குறையுதுன்னு சொன்னியே!"

"குறையுதுன்னு சொன்னேன். குடிக்கிறேன்னு எப்ப சொன்னேன்?"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். இருபது வருடமாக வாடிக்கையாளர்கள் எல்லோரும் இதே பாஷையில்தான் பேசுகிறார்கள். "பிரிட்ஜ் கூலாகல" என்பார்கள். கதவைத் திறந்து போட்டது யார் என்று ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயே இப்படி ஏமாந்துவிட்டாரே!

"நீங்க குடுத்த மறுநாளே கோச் மேடம்கிட்ட காட்டினேன். தொடவே கூடாதுன்னாங்க. அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தீங்க, உங்ககிட்ட சொல்ல மனசு வரல. பழைய மிக்ஸிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன்."

"அப்ப யாருதான் குடிச்சது?"

"அப்பா."

டாக்டரின் பேனா நின்றது.

"திருட்டுத்தனமா. ஒருநாள் மீசையில பொடியோட மாட்டினாரு. பல்பொடின்னு சமாளிச்சாரு. நான் அன்னிக்கே எல்லாத்தையும் கொட்டிட்டு, டப்பாவுல வெறும் பால் பவுடரை நிரப்பிட்டேன். ஒரு மாசமா அவர் குடிக்கிறது அதைத்தான்."

"அப்ப இன்னிக்கு வேலி தாண்டினது?"

"பால் பவுடர் மாமா!"

முதலில் வெடித்தது டாக்டர். அடுத்து நீல அங்கிப் பெண். வாத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்து, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, சட்டென்று கண்ணை அகல விரித்தாள். "ஐயோ, வருது! மேடம், வருது, வருது!" இருவரும் பாய்ந்து உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

"டாக்டர், எனக்கு?" என்றார் மாமா, சிரிக்கவும் பயந்து.

"மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு."

மாமா ஓடினார். பாதி மைதானத்தில், காவலர்களிடமிருந்து தப்பித்த அத்தான், அதாவது வாத்தின் அப்பா, ஏதோ ஆபத்து என்று நினைத்துப் பக்கத்திலேயே ஓடி வந்து, மூச்சு வாங்காமல் அவரைத் தாண்டியும் போனார். பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

திரும்பி வந்தபோது வாத்தின் சிறுநீர் இரண்டு சின்ன பாட்டில்களில் சீல் வைக்கப்பட்டு மேஜை மேல் இருந்தது. மாமாவுக்கு மனசு லேசாகியிருந்தது. ஆனால் ஓர் ஓரத்தில் வலித்தது. இரண்டு மாதமாக அவளுடைய காலில் தானும் சேர்ந்து ஓடியதாக நினைத்திருந்தார்.

"அப்ப என் பங்கு ஒண்ணுமே இல்லையா வாத்து?"

"என்ன மாமா இப்படிக் கேக்குறீங்க? 'வாத்து வருது, வழி விடு'ன்னு கத்தினீங்களே! கடைசி நூறு மீட்டர்ல கால் செத்துப்போச்சு, காதுல அது ஒண்ணுதான் கேட்டுச்சு." அவள் சுவரொட்டியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக் காட்டினாள். "எங்கேயாவது போட்டிருக்கா பாருங்க. உங்க சத்தத்துக்குத் தடை இல்ல."

மாமா அதற்கும் அழுதார்.

வெளியே வந்ததும் அத்தான் அவரைத் தனியே இழுத்துப் போனார். "மச்சான், அந்தச் சிவப்பு டப்பா இன்னொண்ணு வாங்கிக் குடு. பொண்ணுக்குத்தான்." வாத்து உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

"அதுக்கென்ன அத்தான், நம்ம பால் கடையிலேயே கிடைக்குது" என்றார் மாமா.

மூன்று வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. மாமா அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பிரிட்ஜைத் திறப்பதற்கு முன் போனைத்தான் திறக்கிறார். "படிச்சுப் பாருங்க. எங்க வாத்து உடம்புல ஒண்ணுமே இல்லையாம். டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. அத்தனையும் அவ ஓட்டம்!"