பதினோரு கிலோ

வேதா துப்பாக்கியின் வாய்க்குள் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். யாளி முகம் வைத்த வாய் அது. கேட்டுக்கு அடிக்கிற பிரஷ் பல்லிடுக்கில் நுழைவேனா என்று அடம்பிடித்ததால், வீட்டிலிருந்து பழைய டூத் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள்.

வேங்கிக்கால் ரோட்டில் இருந்த அய்யூப் பாயின் கிரில் பட்டறையில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. கேட்டைப் புரட்டுவது, பெயிண்ட் அடிப்பது, வண்டியில் ஏற்றுவது எல்லாம் அவள்தான். பாய் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினால் டீக்குப் போவார், இல்லாவிட்டால் வேதாவோடு சண்டைக்கு வருவார். அன்று இரண்டையும் மறந்துவிட்டுத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து வந்த சினிமாக்காரர்கள் போனில் படம் காட்டிக் கொடுத்த ஆர்டர் அது. பூதம் பிடிக்கிற போலீஸைப் பற்றிய படமாம். சுடுவதெல்லாம் கம்ப்யூட்டரில் வரும், துப்பாக்கி மட்டும் போதும் என்றிருந்தார்கள். பாய்க்கு மனசு கேட்கவில்லை. கேட் தாழ்ப்பாளின் ஸ்பிரிங்கை உள்ளே வைத்து, விசையை அழுத்தினால் 'டக்'கென்று சத்தம் வருகிற மாதிரி செய்துவிட்டார்.

"பாய், கனம் ஜாஸ்தியா கீதே. பதினோரு கிலோ காட்டுது."

"போலீஸ் துப்பாக்கின்னா கனமாத்தாம்மா இருக்கும். தூக்க முடியாதவங்க எதுக்கு போலீஸுக்கு வர்றாங்க?"

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கல்குவாரியில் படப்பிடிப்பு. பாயும் வேதாவும் வண்டியில் கொண்டுபோய் இறக்கினார்கள். கதாநாயகி இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். துப்பாக்கி முழங்கால் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. ஆர்டர் கொடுத்த பையன் பாயைப் பிடித்துக்கொண்டான்.

"ஃபைபர்ல செய்யணும்னுகூடத் தெரியாதாய்யா?"

"கிரில் பட்டறையில வந்து கேட்டீங்க. இரும்புலதானே சார் செய்வேன்?" என்றார் பாய். குரலில் தெம்பில்லை.

கதாநாயகி மறுநாள் ஹைதராபாத்தில் இருக்க வேண்டும். வேறு துப்பாக்கி செய்ய நேரமில்லை. ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். பாய் தலைகுனிந்து நிற்பதை வேதாவால் பார்க்க முடியவில்லை. குனிந்து துப்பாக்கியை ஒரு கையால் எடுத்தாள். குடத்தை வைப்பது போல இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

"வாங்க பாய், போலாம். வண்டியில போட்டுடவா?"

கத்தல் நின்றது. இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

அரைமணி நேரத்தில் அவளுக்குக் காக்கிச் சட்டை மாட்டினார்கள். முகம் வராது, கை மட்டும்தான் என்று சொன்னார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் சட்டைக் கையைச் சுருட்ட வந்ததும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஆறு வருஷத்துக்கு முன் வெல்டிங் சூடு ஆறாத கம்பி விழுந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உருகிச் சுருங்கிய தழும்பு. சித்திரை வெயிலிலும் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வாள். கல்யாண வீட்டில் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

இயக்குநரே வந்து சட்டைக் கையை மெல்லச் சுருட்டி, அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பூதத்தோட சண்ட போட்ட கைம்மா இது. யாரும் மேக்கப் போடாதீங்க. இப்படியே எடுக்கலாம்."

பாயின் துப்பாக்கி பிழைத்தது. வேதாவுக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. புருஷன் தருமனிடம் ஏழு தடவை சொன்னாள். ஷேர் ஆட்டோ ஓட்டிக் களைத்து வந்திருந்த அவனும் ஏழு தடவையும் புதுசாகக் கேட்பது போலக் கேட்டான். மறுநாள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் காட்டினாள்.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. தருமன் ஆட்டோவை நிறுத்திவிட்டு மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தான். பாயும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சேர்ந்தார்.

"உன் கை வந்ததும் எழுந்து நின்னு விசில் அடிப்பேன், பாரு," என்றான் தருமன்.

"மானத்த வாங்காதீங்க," என்றாள். அடிக்காமல் விட்டிருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் குவாரி வந்தது. புழுதிக்குள் பூதம் உறுமியது. திரையின் அடியிலிருந்து ஒரு கை எழுந்து துப்பாக்கியை ஒரே மூச்சில் தூக்கி இடுப்பில் சாய்த்தது. சாய்த்த விதம் வேதாவுடையதுதான், சந்தேகமில்லை.

"நம்ம யாளிம்மா!" என்றார் பாய். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

திரையில் இருந்த கை மைதா மாவு நிறத்தில் வழவழவென்று இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கீறல்கூட இல்லை. நகங்களில் சிவப்புச் சாயம். சுடுவதை மாதிரியே தோலையும் கம்ப்யூட்டரில் போட்டிருந்தார்கள்.

வேதா இருக்கையின் நுனிக்கு வந்து தேடினாள். "ஏங்க, என் தழும்பு எங்கங்க?"

தருமன் எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து, தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி விசில் அடித்தான். யாரும் கூடச் சேரவில்லை.

"யோவ், ஹீரோயினே இன்னும் வரல. இன்னாத்துக்குய்யா விசிலு? உக்காரு!" என்றது பின்வரிசை.

அவன் இன்னொரு தடவை அடித்தான். விசில் எழாமல் காற்று மட்டும் வந்தது. வேதா அந்தத் தழும்புக் கையாலேயே அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.