மாடத்தி கேட்டதற்கு நான் சொன்ன பதில்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவன் நான்.

நான் எழுதும் வாரப் பத்திரிகைத் தொடருக்கு ஒரு வெடிவிபத்து தேவைப்பட்டது. தகவல் தேடித் தீக்காயப் பிரிவுக்குப் போனேன். நோயாளிகளுக்குத் துணையிருக்கும் சமூகப் பணியாளர் செல்வலட்சுமி என் வாசகி. ஒரு நிபந்தனையோடு உள்ளே விட்டார்.

"பாக்கலாம் சார். பேசக் கூடாது."

பேசினேன்.

[முதலில் எழுதிய தொடக்கம்: 'டமார்! பட்டாசு ஆலையில் அறை எண் பதினேழின் கூரை...' அடித்துவிட்டேன். அது வெடித்து நான்கு நாளாகிவிட்டது. இனி வெடிக்கப்போவது வேறு.]

2

மாடத்திக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு கையும் கட்டுக்குள். அதே அறையில் வேலை பார்த்த கணவன் ஊர்க்காவலன் முதல் நாளே இறந்துவிட்டான். அவளுக்குத் தெரியாது. இன்றுதான் சொல்லலாம் என்றார் மருத்துவர். ஆமத்தூரிலிருந்து அக்கா வந்ததும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்வலட்சுமி சொல்வதாக ஏற்பாடு.

செல்வலட்சுமி போன் பேச வெளியே போன இரண்டு நிமிடத்தில் மாடத்தி கேட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காக?"

அந்தக் கண்களைப் பார்த்து என்னால்...

[முடிக்க மாட்டேன். முடித்தால் எனக்கு நானே வக்காலத்து வாங்குவதாகிவிடும்.]

"மதுரை ஆஸ்பத்திரியில இருக்காரும்மா. நல்லா இருக்கார்."

அவள் சிரித்தாள். நான் அழுதேன். என்ன ஒரு இரக்கசாலி!

3

பத்து மணிக்குச் செல்வலட்சுமியிடம் மாடத்தி சொன்னாள்:

"வாக்குமூலம் எழுத அதிகாரி வாராகல்ல? முந்தின நாள் மீந்த மருந்த நாந்தான் எடுத்து வச்சேன்னு சொல்லப் போறேங்க்கா."

(கலந்த வெடிமருந்து மீந்தால் அன்றே அழிக்க வேண்டும். இரவு தங்கிய மருந்து மறுநாள் கைபட்டாலே சீறலாம். எல்லோருக்கும் தெரியும். சீசன் ஆர்டர் வந்தால் எல்லோருக்கும் மறந்துபோகும்.)

"நீயா வச்ச?"

"போர்மேன் வைக்கச் சொன்னாரு. இவுக வச்சாக. உள்ளதச் சொன்னா, குணமாகி வந்ததும் இவுகளப் புடிச்சு உள்ள போட்ருவாகல்ல? கை வெந்து கெடக்குற பொம்பளைய என்ன செய்யப் போறாக? நல்லவேள, அந்த அண்ணன் சொன்னாரு. உசுரு வந்துச்சு."

4

"என்ன சார் சொன்னீக அவகிட்ட?"

"கேட்டப்போ தாங்கலைம்மா..."

"யாருக்குத் தாங்கல? அவளுக்கா, ஒங்களுக்கா?"

விரித்து வைத்திருந்த குறிப்பேட்டை மூடினேன்.

"நாலு நாளா எங்கிட்டயும் கேட்டா. 'அக்கா வரட்டும், பேசுவோம்'னு சொல்லிட்டுக் கூடவே உக்காந்திருந்தேன். எனக்கும் வயிறு எரியத்தான் செஞ்சுச்சு. தொடர்ல வாராவாரம் பொணத்த ஒளிச்சு வச்சுப் பொழைக்கீக. இங்கன அது நடக்காது."

"அதிகாரியை நாளைக்கு வரச் சொல்லலாமே?"

"கேட்டுப் பாத்துட்டேன், பத்து நிமிசந்தான் தந்திருக்காக. அக்கா இன்னும் பஸ்ஸுல. போர்மேன் பேரச் சொல்லுறதும் சொல்லாததும் மாடத்தி இஷ்டம். நான் சொல்லித்தர மாட்டேன். ஆனா, செத்த மனுசனக் காப்பாத்துறதா நெனச்சுப் பழிய ஏத்துக்கிட்டு அவ ரேகை வைக்கக் கூடாது."

(கை வெந்தவர்களுக்குக் கால் பெருவிரலில் மை தடவுவார்கள்.)

"நீங்க சொல்லிருங்கம்மா."

"நான் சொன்னா, ஒங்க பேச்சப் புடிச்சுக்கிட்டு என்னையப் பொய்க்காரியாக்குவா. பொய் சொன்ன வாய்தான் சொல்லணும். வாங்க."

5

நடந்துகொண்டே கதைக்கு யோசித்த முடிவுகள்:

ஊர்க்காவலன் உயிரோடு இருக்கிறான்; ஆள் அடையாளம் மாறிவிட்டது. [மூன்று தொடர்களில் செய்தாயிற்று. இவன் உடலை இவன் தம்பியே பார்த்துவிட்டான்.]

உண்மை தெரிந்ததும் மாடத்தி கொதித்தெழுந்து போர்மேன் பேரை முழங்குகிறாள். [தாலி போன செய்தி கேட்பவளிடம் வசனம் எதிர்பார்க்கிறேன், பாருங்கள்.]

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் படியிறங்கி... [இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். செல்வலட்சுமி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார்.]

6

கட்டிலருகே ஒரே நாற்காலி. செல்வலட்சுமி அதை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"வாங்கண்ணே. மதுரையில இருந்து போன் வந்துச்சா? அவுக சாப்பிட்டாகளா?"

வெளியே அதிகாரி தொண்டையைச் செருமினார்.

இதுபோன்ற இடத்தில் கதையை நிறுத்தித்தான் முப்பது வருடம் சோறு தின்றேன். அடுத்த வாரம்வரை காத்திருக்க உங்களால் முடியும். மாடத்தியால் முடியாது. ஆகவே இப்போதே வாய் திறக்கிறேன்.

ஆனால் அந்த வரி இங்கே அச்சாகாது. அதை முதலில் கேட்க வேண்டியவள் அவள். அதன்பின் அவள் யார் பேரைச் சொல்வாள் என்பதை எழுதவும் எனக்கு உரிமையில்லை.

கதவைச் சாத்துகிறேன். கொஞ்சம் வெளியே இருங்கள்.