கடைசியாகக் கிளம்புகிறவள்

அந்த ஓட்டக் குழுவில் சேருகிறவர்கள் முதல் நாளே எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தங்கள் விளையாட்டு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். என்ன விளையாடினீர்கள், எந்த அளவில், எத்தனை வருஷம். ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கேட்டு, மணிமணியான கையெழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, மைதானத்துப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் குழு அறையின் சுவரில் குத்திவிடுவார். அதன் பிறகு அது கல்லில் எழுதின மாதிரி.

சுவரில் பல் டாக்டரின் அட்டை இருக்கிறது: நீச்சல், கல்லூரிகளுக்கு இடையில், நாலு வருஷம். அந்த அம்மாள் ஓடும்போதுகூடக் கைகள் தண்ணீரைத் தள்ளுவது போலத்தான் போகும். பஸ் கண்டக்டரின் அட்டை: கால்பந்து, கோல்கீப்பர், பத்து வருஷம். பத்து வருஷமும் நின்ற இடத்திலேயே நின்றவன். வங்கிக்காரரின் அட்டையில் செஸ் என்று இருக்கிறது. செஸ் விளையாட்டில் சேருமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை நடந்து, கடைசியில் மாஸ்டர் மனமிரங்கி எழுதிக்கொடுத்தார்.

நடுவில், கொஞ்சம் சாய்வாக, நம்மவளுடையது: தையல்காரி. நானூறு மீட்டர் ஓட்டம், பள்ளிகளுக்கு இடையில், முதலிடம், இரண்டு வருஷம்.

சுத்தப் பொய். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் அவள். ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆல்ட்ரேஷன் கடை வைத்துக்கொண்டு, காலை முதல் மாலை வரை அடுத்தவர் பேண்டின் காலைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இடுப்பு பிடித்துக்கொண்டதால் டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கப் போன இடத்தில் இந்தக் கூட்டம் சிரித்துக்கொண்டே ஓடுவதைப் பார்த்து ஆசை வந்தது. சேர்ந்துவிட்டாள். முதல் நாள் அவள் முறை வந்தபோது, ‘ஒண்ணுமில்லீங்க’ என்றுதான் சொல்ல எழுந்தாள். அதற்கு முந்தின நிமிஷம் பல் டாக்டருக்கு எல்லோரும் கைதட்டி ஓய்ந்திருந்தார்கள். நாக்கு புரண்டுவிட்டது. அக்காவின் கதையை எடுத்துத் தன் கதையாகச் சொல்லிவிட்டாள்.

சின்ன வயதில் அக்காவின் சட்டைகளை எல்லாம் தோளில் பிடித்து, நீளத்தைக் குறைத்துத்தான் இவள் போட்டுக்கொண்டாள். தையல் கற்றுக்கொண்டதே அப்படித்தான். கதையையும் அதே மாதிரி அளவு குறைத்துக்கொண்டாள். அக்கா மூன்று வருஷம் ஜெயித்தவள். மூன்று என்றால் நம்ப மாட்டார்களோ என்று இவள் இரண்டு என்றாள். பொய்யிலும் அவ்வளவு அடக்கம். வெறுங்காலோடு ஓடியது, அம்மா தைத்த சிவப்பு அரைக்கால்சட்டை, கடைசி வளைவில் யாரோ தொண்டை கிழியக் கத்தியது, எல்லாவற்றையும் சொன்னாள். கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த வளைவில் நின்று கத்தினது இவள்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொன்ன பொய்க்குத் தண்டனை வருஷத்துக்கு ஒரு தடவை வந்தது. குழுவின் ஆண்டுப் பந்தயம் ஐந்து சுற்று. எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. பெரிய வரலாறு உள்ளவர்கள் தாமதமாகக் கிளம்ப வேண்டும், அப்போதுதான் கடைசியில் எல்லோரும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்வார்கள் என்பது மாஸ்டரின் கணக்கு. இப்போதைய வேகத்தை வைத்து நேரம் போடலாமே என்று ஒரு தடவை செய்து பார்த்தார்கள். பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஆளாளுக்கு நொண்டி நாடகம் போட்டதால் அதைக் கைவிட்டார்கள். அட்டையில் இருப்பதே கணக்கு. செஸ்ஸுக்கு அரை நிமிஷம், கோல்கீப்பருக்கு ஒரு நிமிஷம், நீச்சலுக்கு இரண்டு. நானூறு மீட்டர் சாம்பியனுக்கு முழுசாக நாலு நிமிஷம்.

ஆக, இதுவரை நடந்த இரண்டு பந்தயத்திலும் நம்மவள் நாலு நிமிஷம் கோட்டில் தனியாக நின்று, பிறகு கிளம்பி, எல்லோரும் தண்ணீர் குடித்து முகம் கழுவி முடித்த பிறகு வந்து சேர்ந்தாள். அவர்களோ வரிசையாக நின்று கைதட்டினார்கள். மனசுக்குள் ஏதோ பழைய காயம் இருக்கிறது, அதனால்தான் காலில் வேகம் வரவில்லை என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருக்கும். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் இந்த முகங்கள் எப்படி மாறும் என்று நினைத்ததும் அந்த யோசனையைக் கைவிட்டுவிடுவாள். கடைக்கும் வீட்டுக்கும் வெளியே அவளுக்கென்று இருந்த கூட்டம் இது ஒன்றுதான்.

இப்படி இருக்கையில் அக்கா ஐந்து நாள் பயிற்சிக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். அக்கா வேறொரு ஊர் மருத்துவமனையில் தலைமை நர்ஸ். பள்ளி முடிந்து, நர்ஸ் படிப்பு, கல்யாணம், இரவு ஷிஃப்ட், இரண்டு பிள்ளைகள் என்று ஆனதில் ஓட்டம் எங்கே கழன்று விழுந்ததென்று அவளுக்கே தெரியாது. வீடு மாறும்போது கோப்பைகளை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். அக்கா ஓடியவள் என்பது அவள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. தங்கை ஓடுகிறாள் என்பது அக்காவுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கடையில் உட்கார்ந்து பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, கண்டக்டர் யூனிஃபார்ம் பேண்டை வாங்க வந்தான்.

"டெய்லரக்கா, நாளைக்கு ரேஸு. மறந்துடாதீங்க. இது யாரு, உங்க அக்காவா? மூஞ்சியிலேயே தெரியுதே! நீங்களும் வாங்கக்கா, தங்கச்சி ஓடுறதைப் பாக்க வேண்டாமா?"

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா? ஓடுறியா?"

"சும்மா, இடுப்பு வலிக்காக," என்று மென்று விழுங்கினாள்.

"என்னக்கா சும்மான்னுட்டீங்க!" என்று கண்டக்டர் வாயைத் திறக்கவும், அவள் பேண்டைப் பையில் திணித்து, பையை அவன் கையில் திணித்து, ஆளையே வெளியில் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ்கள் அப்படித்தான், உடனே கேட்க மாட்டார்கள். காய்ச்சல் தானாகத் தெரியட்டும் என்று காத்திருப்பார்கள்.

காலையில் அக்கா இவளுக்கு முன்னால் குளித்துக் கைப்பையோடு வாசலில் நின்றாள். "இடுப்பு வலிக்குதுன்னு படுத்துக்கட்டுமா?" என்று தங்கை ஒரு முயற்சி செய்தாள். அக்கா விரலால் இடுப்பில் ஒரு இடத்தை அழுத்தி, "இங்க வலிச்சாத்தான் நிஜம். வலிக்கல. கிளம்பு," என்றாள்.

குழு அறையில் எல்லோரும் நம்பர் துணியைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வார்டில் கட்டில் கட்டிலாகப் பார்ப்பது போல சுவரைப் படித்துக்கொண்டே வந்தாள். நீச்சல். கோல்கீப்பர். செஸ்ஸைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த அட்டையில் நின்றாள். நின்றவள் நகரவில்லை. தங்கை அதைப் பார்த்துவிட்டாள். ஊசி குத்திக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"பாத்தீங்களாம்மா, உங்க தங்கச்சியை?" என்றார் மாஸ்டர் பெருமையாக. "ரெண்டு வருஷம் முதலிடம்."

அக்கா அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணு," என்றாள்.

"என்னம்மா?"

"ரெண்டு இல்ல சார். மூணு வருஷம்."

"அடேங்கப்பா! ஒண்ணைக் குறைச்சுச் சொல்லியிருக்காங்களே!" என்று கண்டக்டர் கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே மைதானத்துக்குப் போனாள்.

மாஸ்டர் பச்சைக் கொடியும் இரண்டு ஸ்டாப் வாட்சுமாகக் கோட்டுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொடி அசைய அசைய ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வரலாறே இல்லாதவர்கள், பிறகு வங்கிக்காரர், பிறகு கண்டக்டர். பல் டாக்டர் காற்றில் நீந்திக்கொண்டு போனாள். கோட்டில் தங்கை மட்டும் நின்றாள். பக்கத்தில் புல் மேல் அக்கா வந்து நின்றாள்.

"டெய்லரம்மாவுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றார் மாஸ்டர்.

"எதுக்கு உன்னை நிறுத்தி வச்சிருக்காங்க?" என்று அக்கா தணிந்த குரலில் கேட்டாள்.

"ஓடினவங்க லேட்டாத்தான் கிளம்பணும்."

"ஓடினவங்க."

"திட்டுக்கா. ரெண்டு அறை வேணும்னாலும் அறை."

அக்கா திட்டவில்லை. எதிர்ப்புறம் சின்னதாகத் தெரிந்த ஓட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டு, "சட்டையை எடுத்த, பாவாடையை எடுத்த, நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?" என்றாள். "ஆனா அதைப் படிச்சதும் முதல்ல சந்தோஷமா இருந்துச்சுடி. யாருக்கோ ஞாபகம் இருக்கேன்னு. அப்புறம்தான் மேல யாருன்னு எழுதியிருக்குன்னு பாத்தேன்."

குரல் உடைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அக்கா அழுது தங்கை பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அவள்தான் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் கூட்டம் போய்விடுமே என்று இத்தனை நாள் பயந்ததெல்லாம் தங்கைக்கு அந்த நொடியில் அற்பமாகத் தெரிந்தது. தான் எடுத்துக்கொண்டது அக்காவிடம் மிச்சமிருந்த ஒரே பொருள் என்று உறைத்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர் சார்," என்றாள். கத்திவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். "அது நான் இல்ல சார். நானூறு மீட்டர் ஓடினது எங்க அக்கா. இவங்கதான். நான் பொய் சொல்லிட்டேன். நான் என் வாழ்க்கையில ஓடினதே இல்ல சார்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"ரெண்டு வருஷமா என் கணக்கு எங்க உதைக்குதுன்னு தூக்கமில்லாம கிடந்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் சேர்ந்து வர்றாங்க, நீங்க மட்டும் பதினோரு நிமிஷம் லேட்டு! ஓடாதவங்க முதல்லயே போயிருக்கணுமே! இன்னும் என்ன நிக்கிறீங்க? போங்கம்மா, போங்க!"

கொடியை அப்படி ஆட்டினார், எக்ஸ்பிரஸ் ரயிலே கிளம்பியிருக்கும். தங்கை ஓடினாள். அழுதுகொண்டே ஓடுவது சுலபமில்லை, மூக்கு ஒத்துழைக்காது. பாதி நேர்கோடு கூடத் தாண்டியிருக்க மாட்டாள், பின்னால் மாஸ்டர் அக்காவிடம் சொல்வது கேட்டது.

"நாலு நிமிஷத்துக்கு இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு. இது உங்க நேரம்மா. வேற யாருக்கும் கொடுக்க முடியாது."

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. முதல் வளைவைத் தாண்டி, எதிர் நேர்கோட்டைத் தாண்டி, கடைசி வளைவில் இரைக்க இரைக்க நுழைந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வெறுங்கால் மண்ணில் படுகிற சத்தம். முப்பது வருஷம் ஆனால் என்ன, அதை அவளுக்குத் தெரியாதா?

அக்கா ஓடி வந்தாள். செருப்பு இல்லை, கைப்பை இல்லை. உடம்பு பருத்திருந்தது, தலைமுடி அவிழ்ந்திருந்தது, ஆனால் முழங்கால் அன்று போலவே உயர்ந்து உயர்ந்து விழுந்தது. பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

தங்கை நின்றுவிட்டாள். பந்தயம், வரிசை, இடுப்பு எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு கையையும் வாயில் குவித்து, பதினோரு வயதில் இதே மாதிரி ஒரு வளைவில் நின்று கத்தின அதே வார்த்தையைக் கத்தினாள்.

"என்னைப் பாக்காத! போ! போ! போ!"

அக்கா போனாள். முன்னால் போய்க்கொண்டிருந்த வங்கிக்காரரை, அவர் ஒரு சுற்று அதிகம் ஓடியிருந்தார் என்பது வேறு விஷயம், ஓரங்கட்டித் தாண்டினாள். மார்பை முன்னால் தள்ளிக் கோட்டைக் கடந்தாள். கடந்ததும் நின்றுவிட்டாள். முழங்காலில் கையூன்றிக் குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"ஏம்மா நின்னுட்டீங்க?" என்று மாஸ்டர் பதறினார். "இன்னும் நாலு சுத்து இருக்கு!"

"நாலா? எனக்கு ஒண்ணுதான் சார் ஓடத் தெரியும்."

தங்கை வந்து சேர்ந்தபோது அக்கா அவளை நிற்க விடவில்லை. "நீ போ. நான் வளைவுல நிக்கிறேன்," என்று முதுகில் ஒன்று வைத்து அனுப்பினாள். வைத்ததில் கொஞ்சம் கோபமும் மிச்சம் இருந்தது. மீதி நாலு சுற்றும் அக்கா கடைசி வளைவில் நின்று, வார்டு முழுக்க எழுப்பிவிடும் குரலில் கத்தினாள். தங்கை வழக்கம் போல எல்லோருக்கும் கடைசியில்தான் வந்தாள். வழக்கம் போல வரிசையாக நின்று தட்டினார்கள். மாஸ்டர் அதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார் என்று கண்டக்டரின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"நான் அன்னைக்கு அழுதேனேக்கா," என்றான் அவன் மனக்குறையோடு. "அதை யார் திருப்பிக் கொடுப்பாங்க?" சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம்தான் முதலில் நீட்டினான்.

அறையில் மாஸ்டர் பழைய அட்டையைக் கழற்றி, புதிதாக இரண்டு எடுத்தார். ஒன்றில் எழுதிக் குத்தினார். மற்றதை வைத்துக்கொண்டு பேனாவோடு காத்திருந்தார். "டெய்லரம்மா, உங்களுக்கு வெறும் அட்டையைக் குத்த மாட்டேன். நிஜத்தைச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல சார்."

"வளைவுல நின்னு கத்தினா," என்றாள் அக்கா. "மூணு வருஷம். எழுதுங்க."

அது விளையாட்டில் சேருமா என்று வங்கிக்காரர் கேட்டார். செஸ்காரர் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று பல் டாக்டர் அடக்கினாள். மாஸ்டர் எழுதினார். அதற்கு அரை நிமிஷம் என்று அடுத்த வருஷக் கணக்கிலும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்து, மற்ற அட்டையைப் படம் பிடித்தாள். தலைமை நர்ஸ். நானூறு மீட்டர் ஓட்டம், பள்ளிகளுக்கு இடையில், முதலிடம், மூன்று வருஷம். இன்று ஒரு சுற்று, வெறுங்காலில், ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு செகண்ட். ஒன்றும் எழுதாமல் அதை மகனுக்கு அனுப்பினாள்.

திரும்பி வரும் வழியில், ரோட்டைக் கடக்க நிற்கும்போது பதில் வந்தது. தங்கை எட்டிப் பார்த்தாள். ‘யாரும்மா இது?’ என்று கேட்டிருந்தான்.

வண்டிகள் நின்று வழி விட்டும் அக்கா கடக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

‘நான்.’