பதினைந்தில் நின்ற முள்

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஜனங்கள் வெயிலுக்குப் பயந்துதான் வீடு கட்டுவார்கள். ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான மிட்டாதார் தீர்த்தகிரி ஒருவருக்குத்தான் 1938-ஆம் வருஷத்து மார்கழியில் குளிரைப் பற்றிக் கவலை வந்தது. அதுவும் அவருடைய குளிர் இல்லை. முந்தின வருஷம் அவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய சப்-கலெக்டர் துரையின் மனைவி, விடிந்ததும் ஒரு தும்மல் போட்டாள். அந்தத் தும்மலோடு தனக்குச் சர்க்காரிடமிருந்து வரவிருந்த ராவ் சாகிப் பட்டமும் பறந்துவிட்டதென்று மிட்டாதார் முடிவு கட்டிவிட்டார்.

ஏர்க்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவிலிருந்து, வீட்டையே சூடாக்கும் பாய்லர் ஒன்றை வாங்கினார். மொரப்பூர் வரை ரயிலிலும், அங்கிருந்து இரண்டு ஜோடி மாட்டிலும் அது வந்து சேர்ந்தது. பின்கட்டில் அடுப்பும் இரும்புத் தொட்டியும். தொட்டியில் காயும் வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும். அங்கே சுவரோரம் நிற்கும் இரும்புப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு, வந்த இடத்துக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டுப் போகக் கூடாது. தொட்டியின் நெற்றியில் வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். முள் பதினைந்தில் நின்றால் பிரஷர் சரியாக இருக்கிறது. இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது.

பொருத்த வந்த சேலத்து மேஸ்திரி வீட்டாரை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் சொன்னார். பெட்டிக்குள் காற்று அடைத்துக்கொண்டால் பக்கத்திலுள்ள சின்னத் திருகைத் திறக்க வேண்டும். காற்று போய் வெந்நீர் வரும். வந்த உடனே மூடிவிட வேண்டும். எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள். 'வெந்நீர் வரும்' என்பது வரைக்கும் கேட்டார்கள்.

பாய்லரைப் பார்த்துக்கொள்ள மாதேஸ்வரனைக் கூப்பிட்டார்கள். அவன் ஏரிக்கரையில் மிட்டாதாரின் இரண்டு ஏக்கரைப் பன்னிரண்டு வருஷமாக வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுதவன். கரும்பு போட்டு, தானே வெல்லம் காய்ச்சுவான். கொப்பரையில் பாகு கொதிப்பதைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்லுவான். தீயையும் பாத்திரத்தையும் அறிந்தவனுக்குப் பாய்லர் எம்மாத்திரம் என்பது மிட்டாதாரின் கணக்கு.

ஆனால் முள் நிற்கவில்லை. விடியலில் மாதேஸ்வரன் கைப்பம்பால் தண்ணீர் ஏற்றிப் பதினைந்தில் நிறுத்துவான். வீட்டில் எல்லோரும் காப்பி குடித்து முடிவதற்குள் அது ஆறுக்கு வந்துவிடும். மறுபடி ஏற்றினால் மத்தியானத்துக்குள் நாலு. காலை நேரம் தாண்டினால் பெட்டிகள் வெதுவெதுப்பைக்கூடப் பார்க்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம துரை வர்றாரு. முள்ளு பதினஞ்சுல நிக்கணும். நிக்கலேன்னா ஏரிக்கரை நெலத்தை மறந்துடு," என்றார் மிட்டாதார்.

மாதேஸ்வரனின் கண் ஏரிக்கரைப் பக்கம் போனது. கரும்பு ஆளுயரம் தாண்டி நின்றது. தை பிறந்தால் வெட்டு. அந்த நிலம் போனால் அவனுக்கும் அவன் பெண்டாட்டி ராமக்காளுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி பின்னால் போவதைத் தவிர வேறு போக்கில்லை.

பாய்லரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை மிட்டாதாரின் குமாஸ்தா மாயவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தான்.

"ஒழுகற எடத்தைக் கண்டுபுடிச்சு அடைக்கணும்னு போட்டிருக்குது."

"அது எனக்கே தெரியுமுங்களே," என்றான் மாதேஸ்வரன்.

"தெரிஞ்சா ஏன் அடைக்கலே?"

இணைப்புக்கு இணைப்பு சணல் சுற்றி மெழுகு பூசினான். முள் மசியவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் தன் கரும்பாலை வேலையிலிருந்தே ஒரு வழி எடுத்தான். கொப்பரையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் அடியில் சாம்பலைத் தூவி வைப்பான், ஈரம் தானே காட்டிக்கொடுக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு குழாயின் கீழும், ஒவ்வொரு பெட்டியின் கீழும் சன்னமாகச் சாம்பல் தூவினான். மறுநாள் காலையில் எல்லோரும் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது போய்ப் பார்த்தான்.

இணைப்புகளின் கீழ் சாம்பல் பொடியாகவே கிடந்தது. நான்கு திருகுகளின் கீழ் மட்டும் சேறு. சேற்றில் தடங்கள். மிட்டாதாரின் மனைவி ஜானகியம்மாள் அறையில் மெட்டி பதிந்த விரல்கள், பக்கத்தில் சீயக்காய்த் துளி. அம்மாளுக்குத் தினம் தலைமுழுக்கு. சமையல்கட்டை ஒட்டிய கூடத்தில் காப்பிப் பாத்திரத்தின் வட்டம். குமாஸ்தாவின் அறையில் லாடம் அடித்த செருப்பு, கூடவே சவரம் செய்த மயிர். நாலாவது, பெரிய அறை. அங்கே மரமிதியடித் தடமும், கால்களை ஊறப்போடும் அண்டாவின் தடமும். அந்த வீட்டில் மரமிதியடி போடுகிறவர் ஒரே ஒருவர்.

அட, ஊரையே அடக்கி ஆள்கிறவருக்குச் சொந்தக் கால் அடங்கவில்லை. மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே பயம் வந்தது. கண்டுபிடித்தாயிற்று. யாரிடம் சொல்வது? ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான்.

"எசமான், திருகை யாரும் தொறக்காம இருந்தாங்கன்னா..."

"என் வூட்ல திருடன் இருக்கறான்ங்கறயா?"

"இல்லீங்க எசமான். உள்ளாற காத்து இருக்குமோன்னு சொன்னேனுங்க."

மாதேஸ்வரனே சாம்பலைக் கூட்டி அள்ளினான்.

"அவருக்கு வேண்டியது தண்ணியா, முள்ளா?" என்று கேட்டாள் ராமக்காள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"முள்ளு."

"அப்ப முள்ளை நிறுத்திட்டு வாங்களேன். தண்ணி எக்கேடோ கெட்டுப் போவுது."

வியாழக்கிழமை ஒரு கொட்டாங்கச்சி வெல்லப்பாகைக் கல்பதத்துக்குக் காய்ச்சி எடுத்துப் போனான். வட்டக் கண்ணாடியைக் கழற்றி, முள்ளை விரலால் பதினைந்தில் நிறுத்தி, ஒரு சொட்டு விட்டான். இறுகிவிட்டது. இனி உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று தெரியாது. தெரியாத கொப்பரைக்குத் தீ வைக்க அவனுக்கு மனம் வரவில்லை, அடுப்பையே மூட்டாமல் விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு திருகுகளிலும் சில்லென்று தண்ணீர் வந்தது. ஜானகியம்மாள் முகம் சுளித்தாள், குமாஸ்தா சவரத்தில் தாடையைக் கிழித்துக்கொண்டான், மிட்டாதார் அண்டாவிலிருந்து காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆனால் ஏன் சுடவில்லை என்று வாயைத் திறந்து கேட்க ஒருவருக்கும் வழியில்லை.

துரை வந்தார். மிட்டாதார் அவரை நேரே பின்கட்டுக்கு அழைத்துப் போய் முள்ளைக் காட்டினார். காட்டும்போதே வியர்த்தவர் போலத் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குமாஸ்தா மேல்துண்டை எடுத்து விசிறிக்கொண்டான். துரை அறைக்குள் வந்து இரும்புப் பெட்டியில் கை வைத்தார். கிணற்றுக்கல் மாதிரி இருந்தது. மறுபடி போய் முள்ளைப் பார்த்தார். பதினைந்து. கை சொன்னதை விட்டுவிட்டு முள் சொன்னதை நம்பினார். அப்படி நம்பி நம்பித்தான் அவர் சர்க்காரில் அந்த உயரத்துக்கு வந்திருந்தார்.

போகிற போக்கில் கண்ணாடிக்கு அருகே குனிந்தார். ஒரு வரிசைக் கட்டெறும்பு தொட்டியின் மேல் ஏறி, கண்ணாடி விளிம்புக்குள் நுழைந்து, முள்ளைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது.

இது என்னவென்று துரை கேட்க, குமாஸ்தா மாதேஸ்வரனைப் பார்த்தான்.

"குளுருக்கு எறும்பு கதகதப்பான எடந்தேடித்தான் வருமுங்க," என்றான் மாதேஸ்வரன்.

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னான். எறும்புகூட ஒப்புக்கொண்டது என்பதில் துரைக்குப் பரம திருப்தி. பட்டத்துக்குச் சிபாரிசு எழுதுவதாகச் சொல்லிவிட்டு, கோட்டுப் பித்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

சனிக்கிழமை மிட்டாதார் மாதேஸ்வரனைக் கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"எப்பேர்ப்பட்ட ஆளுடா நீ. உன்னைப் போயி இத்தினி வருசமா ஏரோட்ட உட்டுட்டனே. இனிமே இந்த முள்ளைப் பாத்துக்கிட்டு வூட்டோட இரு. மூணு வேளைச் சோறு இங்கியே. ஏரிக்கரை நெலத்தை வண்டிக்காரக் குள்ளன் பாத்துக்குவான்."

"எசமான், முள்ளு நின்னா நெலம் எனக்குன்னுதானுங்களே..."

"நிக்கலேன்னா மறந்துடுன்னேன். நின்னா வச்சுக்கன்னு எப்படா சொன்னேன்?"

மாதேஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றான். உண்மையைச் சொன்னால் மோசக்காரன் என்று நிலம் போகும். சொல்லாவிட்டால் கெட்டிக்காரன் என்று நிலம் போகும். கண்ணில் நீர் முட்டியது. அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்ட மிட்டாதார் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தை பிறந்தது. ஏரிக்கரையில் கரும்பு வெட்டி, குள்ளன் கொப்பரை ஏற்றினான். பின்கட்டில் தீயில்லாத பாய்லருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரனுக்குக் காற்றில் பாகு வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் அது கருகும் வாசனையாயிற்று. தீயை இழு என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டான். பிறகு உட்கார்ந்து, துண்டை எடுத்துக் கண்ணாடி மேலிருந்த எறும்புகளைத் துடைத்தான்.